நாற்பது நிமிடத் தூரம்

அந்தப் பக்கத்தை என் போனிலிருந்து நான் இன்னும் எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன். திறந்தால் முழுக்க நீலமாக ஒரு படம் வரும். நீலத்தில் இரண்டு புள்ளிகள், நடுவில் ஒரு கோடு. ஒரு புள்ளி பாகோ பாகோ விமான நிலையம், இன்னொன்று ஆப்பியா விமான நிலையம். கீழே தூரம் நூற்றைம்பது கிலோமீட்டர் சொச்சம் என்றும், பறக்கும் நேரம் நாற்பது நிமிடம் என்றும் போட்டிருக்கும். விமானம் என்றைக்கு உண்டு, என்றைக்கு இல்லை, மழை வந்தால் என்ன ஆகும், ஏற இடம் கிடைக்குமா, அதைப் பற்றியெல்லாம் மூச்சு கிடையாது. இதை எழுதிப் போட்ட புண்ணியவான் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறானோ தெரியாது. என் கையில் கிடைத்தால் அவனைப் பௌர்ணமியன்று சாயங்காலம் எங்கள் தெருமுனையில் இறக்கிவிட்டு, எங்கே, பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் காட்டு என்பேன்.

எங்கள் ஊர் அடி அண்ணாமலை. கிரிவலப் பாதையிலேயே இருக்கிறது. அப்பா நெல்லும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் பயிர் வைத்து எங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தார். நான் மூத்தவள். வேங்கிக்காலில் ஒரு அலுவலகத்தில் வேலை, அப்பா வீடு இருக்கிற தெருவிலேயே வாழ்க்கைப்பட்டவள். எனக்கு ஒரே தம்பி. குளிர்சாதன மெக்கானிக் படிப்பு படித்துவிட்டு எங்கெங்கோ வேலை பார்த்தான். கடைசியில் பசிபிக் கடல் நடுவில் ஒரு தீவில், மீனை டப்பாவில் அடைக்கிற ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தான். அந்தத் தீவில்தான் பாகோ பாகோ இருக்கிறது. அங்கிருந்து வெளியே வர வேண்டுமானால் முதலில் குட்டி விமானத்தில் பக்கத்துத் தீவிலிருக்கிற ஆப்பியாவுக்கு வர வேண்டும். பிறகு ஆக்லாந்து, பிறகு சிங்கப்பூர், பிறகு சென்னை. இது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம், கேட்க ஆள் வேண்டுமே.

அப்பா ஒரு புதன்கிழமை விடியற்காலை போய்விட்டார். காபி கேட்டார், அம்மா கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. தம்பிக்கு நான்தான் போன் செய்தேன். "அக்கா, நான் வர வரைக்கும் வெச்சிருப்பீங்களா?" என்று மட்டும் கேட்டான். வைத்திருப்பேன் என்று சொன்னேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மூன்று நாள் நான் ஊரோடு சண்டை போட்டேன்.

எங்கள் பக்கத்துச் சாவு வீட்டில் வருகிற ஆள் செருப்பைக் கழற்றும்போதே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "எப்ப எடுக்கறீங்க?" மாலையோடு வந்தவரும் கேட்பார், மாலை இல்லாமல் வந்தவரும் கேட்பார். வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட வேண்டுமே, அவர்களுக்கு அது தெரிந்தாக வேண்டும். புதன்கிழமை காலை எட்டு மணிக்குள் இந்தக் கேள்வியை இருபது பேர் கேட்டுவிட்டார்கள். அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன், கீழ்பென்னாத்தூர்ப் பெரியப்பா, பந்தலின் நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்து பதில் சொல்லும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். எழுபதைத் தாண்டியவர், பங்காளிகளில் மூத்தவர். அவர் வாய்தான் எங்கள் வகையறாவுக்கே சட்டம்.

"பையன் எங்கயோ தீவுல இருக்கானாமே, எத்தன நேரமாவும்?" என்று யாரோ கேட்டதும் பெரியப்பா தன் மகனைப் பார்த்தார். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுத் தருகிற கடை வைத்திருக்கிறார். கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்று குடும்பத்தில் பெயர். அவர் போனைத் தட்டினார். அந்த நீலப் பக்கம் வந்தது; என் போனுக்கும் அதை அனுப்பி வைத்தார்.

"பாகோ பாகோல இருந்து ஆப்பியா நாப்பது நிமிஷம்தாம்பா. நூத்தம்பது கிலோமீட்டரு."

"அட, நம்ம மெட்ராஸ் தூரம் கூட இல்லியே!" என்றார் பெரியப்பா. "நாப்பது நிமிஷம் அது. அப்பறம் பெரிய பிளேன்ல ஏறி உக்காந்தான்னா நாளைக்கு விடியறதுக்குள்ள வந்துடுவான். நாளைக்கு மத்தியானம் எடுத்துடலாம்னு சொல்லுங்க எல்லார்கிட்டயும்."

பந்தல் முழுக்க அது பரவிவிட்டது. நாற்பது நிமிடம், நாற்பது நிமிடம். மேளக்காரர்களுக்குச் சொல்லியாகிவிட்டது. நான் எழுந்துபோய்ச் சொன்னேன். "பெரியப்பா, அது பறக்குற நேரம் மட்டுந்தான். அங்க நம்ம ஊரு மாதிரி பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் கெடையாது. சின்னப் பிளேனு, ஆளையும் மூட்டையையும் எடை போட்டு ஏத்துவாங்களாம். மழ வந்தா போவாது."

"நீ உள்ள போம்மா. அம்மாவப் பாரு" என்றார்.

எனக்கு எப்படி எரிந்திருக்கும்! அவர் கீழ்பென்னாத்தூரைத் தாண்டி வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனதுதான் பெரிய பிரயாணம். அவர் பசிபிக் கடலுக்கு நேரம் குறிக்கிறார்.

நான் சொன்ன மாதிரியே மழையும் வந்தது. அன்றைக்கு அங்கே மதிய விமானம் போகவில்லை, மறுநாள் காலையில்தான் என்று தம்பி போன் செய்தான். டிக்கெட்டின் படத்தையும் அனுப்பினான். நான் திறந்து பார்ப்பதற்குள் அண்ணன் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். பார்த்தவர் முகம் ஒரு மாதிரி ஆனது. வேண்டுமென்றே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தார்.

"பாகோ பாகோல கிளம்பறது புதன்கிழமை காலைல எட்டு மணி. ஆப்பியாவுல எறங்கறது வியாழக்கிழமை எட்டு நாப்பது."

பெரியப்பா மெதுவாக, எனக்கு இன்றைக்கும் காதில் விழுகிற மாதிரிச் சொன்னார். "நாப்பது நிமிஷத் தூரத்துக்கு ஒரு நாள் கழிச்சி எறங்கறான். எங்கயோ தங்கிட்டு வரான். பெத்த அப்பன் பொணமா கெடக்கறான், இவன் ஊரு சுத்திட்டு வரான்."

"இல்ல பெரியப்பா, அதுல ஏதோ இருக்குது. நான் கேக்கறேன்" என்றேன். எனக்குமே அந்த டிக்கெட் புரியவில்லை. வீட்டுக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகையில் நின்றுகொண்டு தம்பியை அழைத்தேன். என்னடா இது, ஏன் ஒரு நாள் கழித்து இறங்குகிறாய் என்று கத்தினேன்.

"அக்கா, நாப்பது நிமிஷத்துலதான் எறங்கறேன். எனக்கு இன்னும் செவ்வாய்க்கிழமைதான். இந்தத் தீவுல செவ்வாய்னா அந்தத் தீவுல புதன். மணி ஒண்ணுதான், கிழமைதான் வேற. நடுக்கடல்ல ஒரு கோடு வெச்சிருக்காங்க. இந்தப் பக்கம் ஒரு கிழமை, அந்தப் பக்கம் அடுத்த கிழமை. பிளேன் அதத் தாண்டுனா தேதி மாறிடும். நான் எங்கயும் தங்கலக்கா." சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டான். அப்பா செத்துக் கிடக்கும்போது பிள்ளை இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறதே!

பந்தலுக்கு வந்து நான் விளக்கினேன். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிற மாதிரி, தலைவிரி கோலமாக நின்றுகொண்டு, அப்பாவின் தலைமாட்டில். இங்கே ஒரு கிழமை, அங்கே ஒரு கிழமை, நடுவில் ஒரு கோடு.

"கோடா? கடல்லயா?" என்றார் பெரியப்பா. "எவன் போய் போட்டான்?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சாவு வீட்டில் சிரித்தார்கள். அண்ணன் தன் போனில் நீலப் பக்கத்தைத் திறந்து எனக்கே காட்டினார். "இதுல கோடு இதும்மா. பிளேன் போற கோடு. நீ சொல்ற கோடு எதுவும் இதுல இல்லியே." பக்கத்தில் இல்லையாம், அதனால் உலகத்திலேயே இல்லையாம். நாளெல்லாம் ஜனங்களுக்கு ஜாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் கம்ப்யூட்டரில் எழுதிக் கொடுக்கிற மனுஷன் இதைச் சொன்னார். போனில் ஒன்று தெரிந்துவிட்டால் அதற்கு மேல் கேட்க எதுவும் இல்லை என்று நினைக்கிறவர்களிடம் என்ன பேசுவது?

அதற்குள் இன்னொரு வில்லங்கம். வெள்ளிக்கிழமை பௌர்ணமி. மதியத்துக்கு மேல் கூட்டம் ஏறிவிடும், வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். சுடுகாட்டுக்குப் போகப் பாதையைக் குறுக்கே தாண்ட வேண்டும். தெருக்காரர்களும் முனக ஆரம்பித்தார்கள். பாதி வீட்டுக்காரர்கள் பாதையோரத்தில் கடை போடுகிறவர்கள்; தெருவில் பிணம் இருந்தால் கடை திறக்க முடியாது. அவர்கள் கவலை அவர்களுக்கு. தம்பி கணக்கிட்டுச் சொன்ன நேரம் வெள்ளிக்கிழமை காலை சென்னையில் இறங்கி, சாயங்காலத்துக்குள் வீடு.

வியாழக்கிழமை மத்தியானம் பெரியப்பா தீர்ப்பு சொன்னார். "இன்னைக்கு சாயங்காலமே எடுத்துடலாம். என் பையன் கொள்ளி வெப்பான். பங்காளி முறைதானே, ஒண்ணும் தப்பில்ல. அவனுக்கு வர இஷ்டம் இருந்தா இந்நேரம் வந்திருப்பான்."

"அவன் பிளேன்ல வந்துனு இருக்கான் பெரியப்பா."

"நாப்பது நிமிஷத்த ரெண்டு நாளா வரான்."

"பெரியப்பா, சொல்றதக் கேளுங்க. இங்கருந்து பெரிய கோயிலு எத்தன கிலோமீட்டரு? வண்டியில கால் மணி நேரம். பௌர்ணமியில எனக்கு வேங்கிக்கால்லருந்து வீட்டுக்கு வர மூணு மணி நேரம் ஆவுது. உங்களுக்கே தெரியும். தூரம் வேற, வந்து சேர்றது வேறன்னு நம்மளவிட யாருக்குத் தெரியும்?"

"அது பௌர்ணமிம்மா. அது வேற" என்றார்.

என்ன சொல்வது இதற்கு! பௌர்ணமி எங்களுக்கு மட்டும்தான் வருமாம். மற்ற உலகம் முழுவதும் ரோடு காலியாகக் கிடக்குமாம்.

அவர் எழுந்தார். "டேய், பெட்டிய ஆஃப் பண்ணுடா" என்றார் மகனிடம். அப்பாவை வைத்திருந்த ஃப்ரீசர் பெட்டியின் ஒயர், கதவுக்குப் பக்கத்துச் சுவரில் செருகியிருந்தது. நான் போய் அந்த ஸ்விட்சை முதுகால் மறைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். "என்னை இழுத்துப் போட்டுட்டு ஆஃப் பண்ணுங்க" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அண்ணன் இரண்டு எட்டு வந்துவிட்டு நின்றார். பொம்பளைக்கு இவ்வளவு திமிரா என்று பின்னால் யாரோ சொன்னார்கள். ஆமாம், திமிர்தான். அப்பாவுக்குக் கடைசி ஒரு வருஷம் ஆஸ்பத்திரிக்கு அலைந்தது அந்தத் திமிர்தான். அப்போது இந்தப் பங்காளிகளில் ஒருத்தரும் முறை பேசிக்கொண்டு வரவில்லை.

அதுவரை பெட்டியின் கண்ணாடியில் கன்னத்தை வைத்துக்கொண்டிருந்த அம்மா தலையைத் தூக்கினாள். "என் புள்ள வரட்டும்" என்றாள். அவ்வளவுதான். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சரி, உங்க இஷ்டம். ஆனா பொழுது சாஞ்சா எடுக்கக் கூடாது, அத மட்டும் மறந்துடாதீங்க. நாளைக்கு எத்தன மணிக்குன்னு போன் பண்ணு. எனக்கின்னா, கீழ்பென்னாத்தூர்லருந்து அரை மணி நேரம்." மகனையும் அழைத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். கூடப்பிறந்தவன் பெட்டியில் கிடக்க, கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை தம்பி சென்னையில் இறங்கினான். கார் எடுத்துக்கொண்டு திண்டிவனம், செஞ்சி வழியாக வந்தான். கீழ்பென்னாத்தூர் கடைத்தெருவைத் தாண்டும்போது எனக்குப் போன் செய்தான். நான் உடனே பெரியப்பாவுக்குச் சொன்னேன், தம்பி உங்கள் ஊரைத் தாண்டிவிட்டான், கிளம்புங்கள் என்று. "சாப்ட்டுட்டு கொஞ்சம் தலைய சாச்சிட்டு வரேன். அரை மணி நேரந்தானே" என்றார்.

ஊருக்கு வெளியே போலீஸ் தம்பியின் காரை நிறுத்திவிட்டது. அங்கிருந்து எங்கள் வீட்டுக்குக் குறுக்கு வழி என்றால் கிரிவலப் பாதையில் எதிர்ப்பக்கமாக நடக்க வேண்டும். கூட்டம் முழுவதும் மலையை வலமாகச் சுற்றி வருகிறது, இவன் அத்தனை பேருக்கும் எதிரே ஒரு பையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். எதிர்ச்சுற்று வராதேப்பா, பாவம் என்று வழியெல்லாம் திட்டினார்களாம். அப்பா செத்துட்டாருங்க, அப்பா செத்துட்டாருங்க என்று சொல்லிக்கொண்டே வந்தானாம். இதை அவன் பிற்பாடு சொன்னபோது நான் சமையலறைக்குள் போய் அழுதேன்.

பொழுது சாய இன்னும் நேரம் இருக்கும்போதே வந்து சேர்ந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வந்தவன் அழவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் குந்தினான், கண்ணாடி வழியாக அப்பாவைப் பார்த்தான். பிறகு காதைப் பெட்டியின் அடிப்பக்கம் வைத்துக் கேட்டான்.

"கம்ப்ரசர் திணறுதுக்கா. காத்து போற எடத்துல மாலையப் போட்டு அடைச்சி வெச்சிருக்காங்க." ஒவ்வொரு மாலையாக எடுத்து அந்தப் பக்கம் வைத்தான். சத்தம் சீரானதும் இன்னொரு தடவை காது வைத்துக் கேட்டான். அப்புறம்தான் தரையில் விழுந்து கத்தினான். தெருவே வந்து நின்றுவிட்டது.

குளிப்பாட்டிக் கோடி போட்டு எல்லாம் ஆயிற்று. தூக்க வேண்டியதுதான். அப்போது என் போன் அடித்தது.

"யம்மா" என்றார் பெரியப்பா. மூச்சு வாங்கியது. "வண்டிய விட மாட்டேங்கறானுங்கம்மா. நடந்துனு இருக்கறோம். இன்னும் பாதி கூட வரல. கொஞ்சம் வெச்சிருங்கம்மா."

"எந்தப் பக்கமா வரீங்க?"

"எதுத்தாப்புல வரலாமா, பாவமில்லியா? வலமாத்தான் சுத்தி வரோம்."

நெருங்கின பக்கத்தை விட்டுவிட்டு மலையில் முக்கால்வாசியைச் சுற்றிக்கொண்டு வருகிறார்! சாவுத் தீட்டோடு புண்ணியம் பார்க்கிறார். "பெரியப்பா, பொழுது சாயப் போவுது" என்றேன்.

"பரவால்லம்மா, இருட்டுனாலும் எடுக்கலாம். அதுல ஒண்ணும் தப்பில்ல. என் தம்பி மொகத்த ஒரு தடவ பாத்துடறேம்மா" என்றார், அழுதுவிட்டார்.

எனக்கு அழுகை வரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், துளி இரக்கம் வரவில்லை. "தூக்குங்க" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். ஸ்விட்சுக்கு முன்னால் தரையில் என்னை உட்கார வைத்தவருக்கு நான் ஏன் காத்திருக்க வேண்டும்? தம்பி என் கையிலிருந்து போனை வாங்கினான். "மெதுவா வாங்க பெரியப்பா. நாங்க வெச்சிருக்கோம்" என்றான். என்னைப் பார்த்து, "அப்பா கூடப் பொறந்தவருக்கா" என்றான். வைத்திருப்பீர்களா என்று என்னிடம் கேட்டவன் அவன். அதனால் வாயை மூடிக்கொண்டேன், பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். விளக்கு வைத்து வெகுநேரம் கழித்து அவரும் மகனும் வந்து சேர்ந்தார்கள். செருப்பு அறுந்து வெறுங்காலோடு வந்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்து மார்பில் அடித்துக்கொண்டார். பிறகு தம்பி கொள்ளி வைத்தான்.

இதோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதவே மாட்டேன்.

பதினாறாம் நாள் காரியம். பந்தியில் பெரியப்பா நடு இலையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிர்வரிசையில் தம்பி, மொட்டைத் தலையோடு. நான் சாம்பார் வாளியோடு வந்துகொண்டிருந்தேன். எடுத்த அன்றைக்கு வராத யாரோ ஒரு தூரத்து உறவுக்காரர் தம்பியைக் காட்டி விசாரித்தார். பெரியப்பா கொஞ்சம் கூடக் கூசாமல் சொன்னார்.

"அந்தத் தீவுலருந்து நாப்பது நிமிஷந்தான். போன்லயே போட்டிருக்குது. மூணு நாள் வெச்சி வந்தான் மவராசன்."

தம்பி தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தான். அவன் சொல்ல மாட்டான். அப்பாவின் சுபாவம் அவனுக்கு. எனக்கு யாருடைய சுபாவமோ தெரியாது. இனி ஊரில் எந்தக் கல்யாணத்துக்கு, எந்தச் சாவுக்குப் போனாலும் அவனுக்கு இந்தப் பெயர்தான், அப்பன் சாவுக்கு ஆடி அசைந்து வந்தவன் என்று. வாளியை அவர் இலைக்கு முன்னால் வைத்தேன்.

"பெரியப்பா, கீழ்பென்னாத்தூர் இங்கருந்து எத்தன கிலோமீட்டரு?"

"ஏன், இருவது சொச்சம் இருக்கும்" என்றார்.

"அந்த இருவது கிலோமீட்டர் வர்ற உங்களுக்காக எங்கப்பாவ இருட்டுற வரைக்கும் வெச்சிருந்தோமே, யாரு வெச்சிருந்தா? அதையும் இவருகிட்ட சொல்லுங்க."

பெரியப்பா என்னைப் பார்த்தார், எதிரே தம்பியைப் பார்த்தார். அப்புறம் இலையைப் பார்த்துக்கொண்டு, அந்த உறவுக்காரரைப் பார்க்காமலே, "இந்தப் புள்ளதான் வெச்சிருந்தான்" என்றார்.

தம்பி அப்போதுதான் தலையைத் தூக்கினான். நான் வாளியை எடுத்தேன்.

"சாம்பார் ஊத்தட்டுமா பெரியப்பா?"

"ஊத்தும்மா" என்றார்.